காதக்காவின் கைராசி

மகப்பேறு வார்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் யாரென்று யாருக்கும் நினைவில்லை. பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்கிறவள் என்பதால் காதக்கா. டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த ஆயாவுக்கும் அவள் காதக்காதான்.

கோபக்காரி. மூக்குக்கு மேல் நிற்கும் கோபம். ஆனால் அவள் வேலையைப் பார்த்தவர்கள் அந்தக் கோபத்தைத் தப்பென்று சொல்ல மாட்டார்கள். அந்த வேலைக்கு வேண்டியது அரை நிமிட அமைதி. உலகத்தில் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், பிரசவ வார்டில் அரை நிமிட அமைதியை மட்டும் கேட்காதீர்கள். ஒருத்தர் போனில் எட்டு ஊருக்கு நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருப்பார். இன்னொருத்தர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே இருப்பார், அது பிரிந்தே முடியாது. காதக்கா எல்லாரையும் வெளியே விரட்டுவாள். ஒரு முறை குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒரு தாத்தாவை, எழுப்பப் பாவமாக இருக்கிறதென்று, நாற்காலியோடு தள்ளிக்கொண்டுபோய் வராந்தாவில் வைத்துவிட்டு வந்தாள். அவர் எழுந்து பார்த்துவிட்டு, பேரன் எங்கே என்று தேடினார்.

அவளிடம் டிபன் டப்பா அளவில் ஒரு மெஷின். அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் பட்டாணி அளவு ரப்பர். குழந்தை வயிறு நிறையப் பால் குடித்துவிட்டுத் தூங்க வேண்டும். காது மடலை லேசாக இழுத்துப் பிடித்து, ரப்பரைத் திருகினாற்போல் உள்ளே வைத்து, பொத்தானை அழுத்த வேண்டும். மெஷின் காதுக்குள் சின்னச் சின்ன ஓசைகளை அனுப்பும். நல்ல காது என்றால் உள்ளிருந்து பதிலுக்கு ஒரு மெல்லிய ஓசை திரும்பி வரும். மனிதக் காதுக்கு எட்டாத அந்தப் பதில் மெஷினுக்கு எட்டும். எட்டினால் திரையில் ‘பாஸ்’. எட்டாவிட்டால் ‘ரெஃபர்’.

ரெஃபர் வந்தால் குழந்தைக்குக் காது கேட்காது என்று அர்த்தமில்லை. பிறந்த புதிதில் காதுக்குள் ஈரமும், உடம்பில் ஒட்டிவரும் வெள்ளை மாவும் அடைத்திருக்கும். அதனால் மறுபடி பார்ப்பார்கள். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு நேரத்தில் ஒரு காதுக்கு இரண்டே தடவை. வீட்டுக்குப் போகும் முன் இன்னொரு நேரம், மறுபடி இரண்டு. அப்போதும் ரெஃபர் என்றால் காது மையத்துக்குச் சீட்டு எழுதிவிட வேண்டும். அங்கே பெரிய சோதனை செய்து, உண்மையிலேயே கேட்கவில்லையென்றால், ஆறு மாதத்துக்குள் காது கேட்க உதவும் மெஷின் மாட்டிவிடுவார்கள். அப்படி மாட்டிய குழந்தைகள் பேசக் கற்றுக்கொள்கின்றன, ஓடுகின்றன, அடங்க மறுக்கின்றன. தாமதமானால் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்.

ஏன் இரண்டே தடவை? திரும்பத் திரும்ப அழுத்தினால், கேட்காத காதுக்கும் ஏதோ ஒரு தடவை மெஷின் தப்பாகப் பாஸ் போட்டுவிடும். பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் இதைப் பலகையில் எழுதியே காட்டினாள். காதக்கா நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டுக்கொண்டாள்.

கோடு போட்டவள் கோட்டைத் தாண்டியது நாலு வருடத்துக்கு முன்பு, ஓர் ஆய்வுக் கூட்டத்துக்குப் பிறகு. மற்ற ஆஸ்பத்திரிகளைவிட இங்கே ரெஃபர் இரண்டு மடங்கு என்று யாரோ படம் வரைந்து காட்டியிருக்கிறார்கள். மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த பெரிய டாக்டர், எல்லார் முன்னாலும் அவளைப் பார்த்து, மற்ற இடத்தில் பிறக்கிற குழந்தைக்கெல்லாம் காது கேட்கிறது, இங்கே பிறக்கிறதுக்கு மட்டும் கேட்கவில்லையா என்று கேட்டார். அறையே சிரித்தது. காதக்காவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. மறுநாள் ஒரு குழந்தைக்கு இரண்டு தடவை ரெஃபர் வந்தபோது மூன்றாவது தடவை அழுத்தினாள். பாஸ். அந்தக் குழந்தைக்கு உண்மையிலேயே நல்ல காதாக இருந்திருக்கலாம். யார் கண்டது.

அப்புறம் அது பழக்கமானது. பழக்கம் பெருமையானது. இந்த இடத்தில் அவளை நாலு வார்த்தை திட்டாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. ரப்பரை எடுத்துத் துடைப்பாள், மறுபடி வைப்பாள், குழந்தையைப் புரட்டிப் படுக்க வைப்பாள், மறுபடி அழுத்துவாள், பாஸ் வரும்வரை விட மாட்டாள். நர்ஸுகள் அதற்குக் கைராசி என்று பெயர் வைத்தார்கள். மற்ற ஷிப்டில் ரெஃபர் வந்தால், “காதக்கா காலையில வரட்டும், அவங்க கை வெச்சா பாஸ்தான்” என்று நிறுத்தி வைத்தார்கள். அழுதுகொண்டிருந்த தாய்மார்கள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவளும் ஒற்றிக்கொள்ளக் கொடுத்தாள். ரெஃபர் கணக்கு மளமளவென்று இறங்கியது. அடுத்த கூட்டத்தில் பெரிய டாக்டர் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பள்ளிச் சீருடை தைக்கும் பெண் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பெண் குழந்தை, இரண்டரை வயதுக்கு மேல். இறக்கி விட்டதும் நேராக மேஜைக்குப் போய் ரப்பர் முனைகள் வைத்திருந்த டப்பாவைக் கவிழ்த்து, நிறம் நிறமாகப் பிரித்து அடுக்க ஆரம்பித்தது. கெட்டிக்காரக் கைகள்.

அந்த நேரம் பார்த்து வராந்தாவில் யாரோ மருந்து வண்டியைச் சுவரில் மோதி, இரண்டு தட்டுகள் விழுந்தன. தூங்கிக்கொண்டிருந்த நாலைந்து குழந்தைகள் வீரிட்டன. காதக்காவுக்கு முதலில் கோபம் வந்தது வண்டிக்காரன் மேல்தான். வாசல்வரை போய் நன்றாகக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். சீருடைக்காரியின் குழந்தை தலையைக்கூடத் திருப்பாமல் பச்சை ரப்பரைப் பச்சை ரப்பரோடு சேர்த்துக்கொண்டிருந்தது.

சீருடைக்காரி சண்டைக்கு வரவில்லை. ஒரு கடிதம் வாங்க வந்திருந்தாள். போன வாரம் காது மையத்தில் சோதித்திருக்கிறார்கள். இரண்டு காதும் ஏறக்குறைய கேட்கவே இல்லை. பிறந்தபோது பார்த்தீர்களா என்று கேட்டதற்கு இவள் பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டியிருக்கிறாள். வலது காது பாஸ், இடது காது பாஸ், தேதி, கையெழுத்து. கசங்கக் கூடாதென்று பிளாஸ்டிக் உறை ஒட்டி இரண்டரை வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தாள். பிறப்பில் பாஸ் என்றால் நடுவில்தான் ஏதோ நடந்திருக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள் என்று அங்கே சொன்னார்களாம்.

அந்தச் சீட்டால் வீட்டில் நடந்த கூத்தையும் அவளே சொன்னாள். குழந்தைக்கு எட்டு மாதமாக இருக்கும்போதே மாமியார், கூப்பிட்டால் திரும்பவில்லையே என்று சந்தேகப்பட்டிருக்கிறார். இவள் சீட்டைத் தூக்கி முகத்துக்கு நேரே காட்டியிருக்கிறாள். ஆஸ்பத்திரியைவிட உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். பேச்சு வளர்ந்து, என் பிள்ளையைக் குறை சொல்கிறவர்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று புருஷனோடு தனிக்குடித்தனம் வந்துவிட்டாள். இரண்டு வருடமாக மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லை.

அதெல்லாம் பெரிதில்லை என்று சொல்லிவிட்டு, குழந்தைக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தணித்தாள். பதினோராவது மாதத்தில் குழந்தையைத் துணி வெட்டும் மேஜையில் உட்கார வைத்துவிட்டு, நூல்கண்டை எடுக்கத் திரும்பினாளாம். குழந்தை விழுந்துவிட்டது. தலையில் சின்ன வீக்கம், இரண்டு நாளில் வடிந்தது. அதை இதுவரை புருஷனிடம் சொல்லவில்லை.

“நான்தான்க்கா அவ காதைக் கெடுத்தேன். ஒரு நூல்கண்டுக்காகத் திரும்பினேன். அவரு மூஞ்சிய என்னால பார்க்க முடியல.”

காதக்கா கையில் சீட்டு இருந்தது. கையெழுத்து அவளுடையதுதான், சந்தேகமே வேண்டாம். மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

மெஷின் எதையும் மறக்காது. சீட்டில் கடைசி முடிவுக்கு மட்டும்தான் கட்டம் உண்டு. ஆனால் ஒவ்வொரு அழுத்தலும் மெஷினுக்குள் நேரத்தோடு பதிவாகும், மாதா மாதம் பழைய கம்ப்யூட்டருக்கு மாறும். அந்தக் கம்ப்யூட்டர் சலவைத் துணி அறையில் போர்வை அடுக்குகளுக்குப் பின்னால் கிடந்தது. காதக்கா தூசி தட்டி உட்கார்ந்து தேதியைத் தேடி எடுத்தாள். வலது காது: நாலு ரெஃபர், ஐந்தாவது பாஸ். இடது காது: ஆறு ரெஃபர், ஏழாவது பாஸ். பதினொன்று இரண்டில் ஆரம்பித்து பதினொன்று நாற்பத்தொன்றுக்கு முடிந்திருந்தது. பன்னிரண்டு வரிகள்.

அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவர எவ்வளவோ முயன்றாள். ஒன்றும் வரவில்லை. அவசரமா, கூட்டமா, உடம்பு சரியில்லையா, எதுவும் இல்லை. சாதாரண நாள். முப்பத்தொன்பது நிமிடம் ஒரு குழந்தையின் காதோடு மல்லுக்கட்டி, கேட்கவில்லை கேட்கவில்லை என்று பத்து தடவை சொன்ன மெஷினின் வாயை அடைத்து ஜெயித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறாள். சாப்பாடு இறங்கியும் இருக்கும். தன்மேல் அவளுக்கு வந்த ஆத்திரத்தில் போர்வை அடுக்கை ஓங்கிக் குத்தினாள். போர்வைகள் சரிந்து விழுந்தன. அதையும் அவளே எடுத்து மடிக்க வேண்டியிருந்தது.

பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கதவைச் சாத்தினார், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறந்தபோது நன்றாக இருந்து பிறகு காது போவதும் உண்டு, இது அப்படியும் இருக்கலாம் என்றார். பன்னிரண்டு வரியை அவள் மேஜையில் வைத்த பிறகும் அதையே சொன்னார். வழக்கம்போல் ‘பிறப்பில் பாஸ்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்.

“விழுந்துச்சுன்னு அந்தம்மாவே சொல்றாங்க இல்ல? நீங்க ஏன் வலியப் போய்த் தலையைக் குடுக்கறீங்க?”

அவள் எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் லிப்ட் மெக்கானிக்கான புருஷனும் கல்லூரிக்குப் போகும் மகளும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டில் டிவி சத்தம் பத்துக்கு மேல் போகக் கூடாது, நாற்காலியை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். எல்லாம் காதக்கா போட்ட சட்டம். அன்று மகள் நாற்காலியைக் கிறீச்சென்று இழுத்தும் திட்டு விழவில்லை என்பதால் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் நடந்ததைச் சொன்னாள். வேலை போகலாம், போலீஸ்வரைகூடப் போகலாம், அந்தப் பெண்ணுக்கு இனி தெரிந்து என்ன ஆகப்போகிறது, குழந்தைக்கு எப்படியும் மெஷின் மாட்டத்தான் போகிறார்கள் என்றாள். பெரிய டாக்டர் சொன்னதைத்தான் தன் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

புருஷன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒரு ஸ்பூன் கீழ விழுந்தா வீடே அதிர்ற மாதிரி கத்துவ. இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மெதுவாப் பேசற?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்கென்ன தெரியும், லிப்ட் நின்றால் உங்களை யார் கேட்கப்போகிறார்கள் என்று எரிந்து விழுந்தாள். எல்லாரும்தான் கேட்பார்கள், நடுவில் மாட்டிக்கொண்டவன் முதலில் கேட்பான் என்றார் அவர். மகள் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே துணி அறையில் போய் உட்கார்ந்தாள். நாலு வருடப் பதிவையும் உருட்டி, ஒரு காதுக்கு நாலு தடவைக்கு மேல் அழுத்திய குழந்தைகளை மட்டும் பிரித்தாள். நாற்பத்து மூன்று. மற்ற ஷிப்டுகளில் இப்படி ஒன்றுகூட இல்லை. எல்லாம் அவள் கைராசி.

பெரிய டாக்டர் வார்டுக்கு வந்தபோது பட்டியலை வராந்தாவிலேயே நீட்டினாள். அவர் உள்ளே வந்து பேசலாம் என்றார். அவள் நகரவில்லை.

“கையெழுத்து உங்களோடது. மாட்டப்போறதும் நீங்கதான்மா. எனக்கு அதுதான் கவலை.”

“மாட்டிக்கிறேன் சார். கம்மியாக் காட்டச் சொல்லி நீங்க கேட்டீங்க, நான் காட்டினேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் கைதட்டு வாங்கினோம். இந்தப் புள்ளைங்க பாதிப் பேருக்கு இன்னும் மூணு வயசுகூட ஆகல. இன்னைக்குப் போன் பண்ணலாமா, ஒருநாள் போகட்டுமா, நீங்களே சொல்லுங்க.”

வார்டு முழுக்கக் கேட்டது. அவள் அப்படித்தான் பேசினாள். டாக்டர் பட்டியலை வாங்கிக்கொள்ளவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தார். கேட்டுச் சொல்லும்வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. அது அவளுக்கு எப்போது இருந்தது?

சீருடைக்காரி வந்ததும் காதக்கா கடிதத்தைக் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வரி அச்சிட்ட தாளைக் கொடுத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சொன்னாள். பூசி மெழுகவில்லை. குழந்தை பிறந்த இரண்டாம் நாளே மெஷின் சொல்லிவிட்டது, நான்தான் சொல்ல விடவில்லை என்றாள்.

சீருடைக்காரிக்கு முதலில் விளங்கவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்போ மேஜை?” என்று மட்டும் கேட்டாள்.

“மேஜைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. நீ கெடுக்கல. அதுக்கு முன்னாடியே அவளுக்குக் கேட்கல.”

அவள் அழுவாள் என்று காதக்கா எதிர்பார்த்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள். சீருடைக்காரி இரண்டும் செய்யவில்லை. துணியில் பிசகு தேடுகிறவளைப்போல் தாளில் மறுபடி மேலிருந்து கீழே விரலை ஓட்டி, ஆறாவது ரெஃபரில் நிறுத்தினாள்.

“இங்க நிறுத்தியிருந்தா?”

பொய் சொல்ல ஒரு நொடி வாய் வந்தது. காதக்கா அதை விழுங்கினாள். “ஆறு மாசத்துல மெஷின் மாட்டியிருப்பாங்க. இப்போ உன்னை அம்மான்னு கூப்பிட்டுட்டு இருப்பா.”

சீருடைக்காரியின் முகம் அப்போதுதான் மாறியது. குழந்தை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, ஜன்னலுக்கு வெளியே எதையோ காட்டியது. அவள் குனிந்து பார்க்கவில்லை. எங்க அத்தை காலில் விழ வேண்டியவள் நானில்லை, நீங்கள்தான் என்றாள். இரண்டு வருடம், அக்கா, இரண்டு வருடம் என் பிள்ளைக்குப் பாட்டியில்லாமல் பண்ணினேன் உங்கள் கையெழுத்தை நம்பி, என்றாள். எழுத்தில் புகார் கொடுப்பேன் என்றாள். கொடு என்றாள் காதக்கா. யாரிடம் கொடுக்க வேண்டும், எந்த மாடி, எந்த அறை என்றும் சொன்னாள். சீருடைக்காரி அந்த விவரத்தையும் தாளின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டாள்.

எழுதும்போது அவள் கண்ணில் மேஜையிலிருந்த பட்டியல் பட்டது. இது என்ன என்று கேட்டாள். காதக்கா சொன்னாள்.

“நாப்பத்தி மூணு பேருக்கும் தெரியுமா?”

“இன்னும் இல்ல. மேல கேட்டுட்டுச் சொல்றேன்னு போயிருக்காங்க.”

சீருடைக்காரி நாற்காலியைக் கிறீச்சென்று இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குழந்தையை மடியில் ஏற்றிக்கொண்டாள்.

“இப்பவே பண்ணுங்க. நான் பார்த்துட்டுத்தான் போவேன்.”

முதல் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது எண்ணில் ஒரு பாட்டனார் எடுத்தார். பின்னால் ஒரு பையன் எதற்கோ அடம் பிடித்து வார்த்தை வார்த்தையாகக் கத்திக்கொண்டிருந்தான். பேரன் ஓயாமல் பேசுகிறான், வாயை மூட ஏதாவது மருந்து உண்டா என்று அவர் கேட்டார். இருந்தாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று சொல்லி வைத்தாள் காதக்கா.

மூன்றாவது எண்ணில் ஒரு பெண். எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னதும் குரலில் சந்தோஷம் தெரிந்தது. குழந்தைக்கு ஒரு வயது ஒன்பது மாதமாம், நன்றாக நடக்கிறாளாம், தொந்தரவே தராதவளாம், பக்கத்தில் என்ன சத்தம் போட்டாலும் எழாமல் தூங்குவாளாம்.

பேசறாளா என்று கேட்டாள் காதக்கா.

“இன்னும் இல்லக்கா. எங்க வீட்டுல எல்லாருமே லேட்டாத்தான் பேசுவோம். நீங்கதானே பார்த்துட்டு நல்லாருக்குன்னு சொன்னீங்க, அதனால நாங்க பயப்படவே இல்ல.”

சீருடைக்காரி காதக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் பேசியதை அவளிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காதக்கா மறுநாள் காலையிலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லி, ஏன் என்பதையும் அந்தப் பெண்ணிடம் சொல்ல ஆரம்பித்தாள்.